பூரானுக்கு நூறு கால் கிடையாது

பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் நூல் போல ஒன்று நெளிந்தோடும். வெளிர் மஞ்சள் உடல், செம்பழுப்புத் தலை. உடனே கை செருப்பைத் தேடும். அது மெசிஸ்டோசெபாலஸ் பேரினத்து மண் பூரானாக இருக்கலாம். ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் நியூபோர்ட் 1843இல் பெயரிட்ட இப்பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் இவை வாழ்கின்றன.

நம்பிக்கை: பூரானுக்கு நூறு கால்.
உண்மை: கணுவுக்கு ஓர் இணைக் கால். மண் பூரான்களில் இணைகளின் எண்ணிக்கை இயல்பாக ஒற்றைப்படையில்தான் வரும். நூறு காலுக்கு 50 இணை வேண்டும், அது இரட்டைப்படை. மெசிஸ்டோசெபாலஸின் பல இனங்களுக்கு 49 இணை, அதாவது 98 கால். மற்ற மண் பூரான்கள் பலவற்றில் ஒரே இனத்துக்குள்ளும் கணக்கு மாறும். பெண்ணுக்குப் பெரும்பாலும் கூடுதல். இந்தப் பேரினத்திலோ ஏறக்குறைய எல்லா இனங்களிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண்தான். வளர வளரக் கால் முளைப்பதும் இல்லை. குஞ்சாக நடமாடத் தொடங்கும்போதே முழுக்கணக்கும் இருக்கும்.

நம்பிக்கை: வாலில் கொடுக்கு இருக்கிறது.
உண்மை: பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது கடைசி இணைக் கால்கள். அவற்றில் நகமும் இல்லை, நஞ்சும் இல்லை, நடக்கவும் உதவாது. தடவிப் பார்க்கத்தான் அவை. நஞ்சு முன்பக்கம். உடலின் முதல் இணைக் கால்களே நஞ்சு நகங்களாக மாறியிருக்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால், நீண்டு ஒடுங்கிய தலையையும் தாண்டி அந்த வளைந்த நகங்கள் இடுக்கி போல நீட்டி நிற்பது தெரியும். சின்னஞ்சிறு மண் உயிரிகளைப் பிடிக்க அது போதும். மனிதத் தோலைத் துளைப்பது அரிது. துடிக்கவைப்பது செய்யான் எனப்படும் பெரிய பூரான். அது வேறு வரிசை.

நம்பிக்கை: ஆளைப் பார்த்தால் துரத்தும்.
உண்மை: பார்க்கக் கண்ணே கிடையாது. 14 கணுக்கள் கொண்ட உணர்கொம்புகளால்தான் வழி தேடுகிறது. வெளிச்சத்தில் அது தாறுமாறாக ஓடுவது ஒளிய இடம் தேடித்தான்.

நம்பிக்கை: காதில் புகுந்தால் மூளையைத் தின்னும்.
உண்மை: காதுக் குழாயின் முடிவில் செவிப்பறை இருக்கிறது, அங்கிருந்து மூளைக்கு வழி இல்லை. எந்தப் பூச்சி நுழைந்தாலும் வலியும் குடைச்சலும் இருக்கும் என்பது நிஜம். ஊக்கு, குச்சி விட்டுக் குடைந்தால் செவிப்பறைக்கு ஆபத்து. காது மருத்துவரிடம் போவதே சரி.

நம்பிக்கை: ஒன்று வந்தால் வீட்டுக்குள் குடும்பமே பெருகும்.
உண்மை: பூரானின் மேல்தோல் நீரைத் தேக்கிவைக்காது; உலர்ந்த தரையில் சீக்கிரமே வற்றிப்போகும். முட்டைக்கும் ஈர மண் வேண்டும். அங்கே தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் கிடக்கும். மழைக்கு மண் நிறைந்து வழியும்போது வழிதவறி உள்ளே வருவதுதான் வழக்கம். முறத்தில் தள்ளித் தோட்டத்தில் விட்டால் போதும். மருந்து அடிக்கத் தேவையில்லை.