டீசல் லாரி எஞ்சினை அளவுக்கு மிஞ்சிச் சுழலவிடுவதால் உண்டாகும் கேடுகள்

நெல், கரும்பு, மரவள்ளி, காய்கறி முதலிய விளைபொருள்களை ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டுசெல்ல லாரியே இக்காலத்தில் குடியானவருக்கு முக்கிய சாதனமாயிருக்கிறது. சொந்தமாய் லாரி வைத்திருப்போர் சிலர். அறுவடைக் காலத்தில் வாடகைக்கு அமர்த்துவோர் பலர். எவ்வாறாயினும், நடுவழியில் எஞ்சின் உடைந்தால் நஷ்டம் லாரிக்காரரோடு நிற்பதில்லை. வெட்டிய கரும்பு நாளுக்கு நாள் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். தக்காளி கூடையிலேயே அழுகும். எஞ்சின் உடைவதற்குரிய காரணங்களுள், டிரைவரின் கைத்தவறால் ஒரு நொடியில் விளையக்கூடியது அளவுக்கு மிஞ்சிய சுழற்சியாகும். இதன் தன்மையை அறிந்தோர் இதனை எளிதில் தவிர்க்கலாம்.

எஞ்சினின் வேக எல்லை

ஒவ்வோர் எஞ்சினுக்கும் நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று மேல் எல்லை ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. பெட்ரோல் கார்களின் எஞ்சின்களுள் பல 6,000 சுற்று வரை தாங்கும். கனரக லாரிகளின் டீசல் எஞ்சினோ பொதுவாக 2,500 சுற்றுக்குள்ளேயே தன் முழுச் சக்தியையும் தந்துவிடும். டீசல் எஞ்சினில் காற்று மிகவும் நெருக்கப்பட்டு, அந்த உஷ்ணத்தாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளுகிறது. அவ்வழுத்தத்தைத் தாங்கும்பொருட்டு பிஸ்டனும் அதனை இயக்கும் கனெக்டிங் ராடும் கனமாய்ச் செய்யப்பட்டிருக்கின்றன. கனமான பொருளை மேலும் கீழும் விரைவாய் ஆட்டுவது எளிதன்று.

பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. அப்போது அதனை இழுத்துப் பிடிக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி உயரும். 2,400 சுற்றுக்கென அமைந்த எஞ்சின் 3,600 சுற்று சுழன்றால் வேகம் ஒன்றரை மடங்கே; விசையோ இரண்டேகால் மடங்கு. 4,800 சுற்றானால் விசை நான்கு மடங்காகும்.

கவர்னர் காப்பது எதுவரை?

டீசல் எஞ்சினில் வேகத்தை அடக்கக் கவர்னர் என்னும் கருவி உண்டு. எல்லை நெருங்கியதும் அது எண்ணெயைக் குறைத்துவிடும். புதிய லாரிகளில் இவ்வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. ஆகையால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் எல்லை கடப்பதில்லை. இதனைக் கண்ட டிரைவர் பலர், டீசல் எஞ்சினுக்கு அதிவேக பயமே இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். இது தவறு.

கவர்னர் அடக்குவது எண்ணெயையே, சக்கரங்களை அன்று. லாரி கியரில் இருக்கும்போது எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவது போலவே, சக்கரமும் எஞ்சினைச் சுழற்றவல்லது. உதாரணமாக, ஒரு லாரியின் கியர் விகிதம் நான்காவதில் 1.5, மூன்றாவதில் 2.5, இரண்டாவதில் 4 என்று கொள்வோம். நான்காவது கியரில் எஞ்சின் 1,800 சுற்றில் ஓடுகையில், வேகம் குறையாமலே மூன்றாவதுக்கு மாற்றினால் அது 3,000 சுற்றாகும். கை தவறி இரண்டாவதில் விழுந்து கிளச்சையும் விட்டுவிட்டால் 4,800 சுற்றாகும். எண்ணெய் ஒரு துளியும் செல்லாவிடினும் இது நிகழும்.

சேதம் உண்டாகும் விதம்

முதலில் வால்வுகள் கெடும். அவற்றை மூடும் ஸ்பிரிங் அவ்வேகத்துக்கு ஈடுகொடாமல் பின்தங்க, மேலெழும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வின்மேல் மோதும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும். இரண்டாவதாக, கனெக்டிங் ராடின் போல்டுகள் நீண்டு அறுந்தால், ராடு எஞ்சின் பிளாக்கையே துளைத்து வெளிவரும். பின்னர் அந்த எஞ்சின் பெரும்பாலும் பழைய இரும்புக்கே ஆகும். மூன்றாவதாக, கிளச்சுத் தட்டு சிதறக்கூடும்.

சில வேளைகளில் அப்போதைக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் நீண்ட போல்டும் நசுங்கிய பேரிங்கும் சில வாரம் கழித்து வேறோர் இடத்தில் கைவிடும். அப்போது காரணம் விளங்காமல் மெக்கானிக்கின்மேல் பழி விழும்.

மலையிறக்கமும் நியூட்ரலும்

இவ்வபாயம் மிகுதியாய் நேர்வது இறக்கத்திலேயே. உதகையிலிருந்து காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் வரும் லாரி, சுமார் 50 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. மொத்தம் 10 டன் உள்ள லாரி இவ்வாறு இறங்குகையில் வெளியாகும் சக்தி, சாதாரணத் தண்ணீர் 600 லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் டயர் உராய்வும் ஏற்கும் பங்கு போக, மற்றதை எஞ்சின் ஏற்கவேண்டும். அல்லது பிரேக் ஏற்கவேண்டும். முழுவதையும் பிரேக்கின்மேல் சுமத்தினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும்.

டீசல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் விட்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் இவ்வழக்கத்தால் நேர்ந்த விபத்துக்கள் பல. நியூட்ரலில் வேகம் ஏறும், பிரேக் காயும், அடிக்கடி மிதிப்பதால் காற்றுத் தொட்டியின் அழுத்தமும் இறங்கும். அப்போது டிரைவர் அஞ்சிக் கீழ்க் கியரைத் திணிக்க முயலுவார். கியர் விழாவிடில் லாரி கட்டுக்கடங்காது. விழுந்துவிட்டாலோ எஞ்சின் எல்லை கடந்து உடையும். இரண்டும் கேடே. மேலும், டீசல் மிச்சம் என்பதும் உண்மையன்று. கியரில் இறங்கும் லாரியில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எண்ணெய் நின்றுவிடும்; நியூட்ரலிலோ எஞ்சின் நிற்காதிருக்க எண்ணெய் செலவாகிக்கொண்டே இருக்கும்.

தானே ஓடும் எஞ்சின்

டர்போ என்னும் காற்றூட்டியின் அடைப்புத் தேய்ந்தால், எஞ்சின் தன் லூப்ரிகேஷன் ஆயிலையே எரித்து, சாவியை நிறுத்தியும் நில்லாமல் வேகமேறக்கூடும். லாரி நின்றிருந்தால், பிரேக்கை முழுதும் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளச்சை விட எஞ்சின் அடங்கும். அடங்காவிடில் அதனருகே எவரும் நிற்றலாகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்துத் தக்க கியரில் போடவேண்டும். அவ்வழியில் ஏறுவதற்கு வேண்டிய கியருக்கு மேற்பட்ட கியரில் இறங்கலாகாது. சுமை மிகுந்தால் இன்னும் ஒன்று தாழ்ந்த கியரே நலம்.

2. சுற்றுமானியின் சிவப்புக் கோட்டை முள் நெருங்கினால் பிரேக்கை அழுத்தமாய்ப் பிடித்து வேகத்தைக் குறைத்துப் பின் விடவேண்டும். கிளச்சை மிதித்தல் கூடாது. மிதித்தால் எஞ்சினின் தடை நீங்கி லாரி விரையும்.

3. சிவப்புக் கோட்டுக்கு உட்பட்ட சுழற்சியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் நன்கு தடுப்பது அந்நிலையிலேதான்.

4. சமதரையில் கை தவறித் தாழ்ந்த கியர் விழுந்துவிட்டால், உடனே கிளச்சை மிதித்து எஞ்சினை விடுவிக்கவேண்டும். அதன்பின் புதிய சத்தமோ புகையோ இருந்தால், சரிபார்க்காமல் லாரியை ஓட்டலாகாது.

5. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடலாகாது. ஆயில் எல்லாப் பாகங்களுக்கும் பரவச் சிறிது நேரம் வேண்டும். கடும் ஓட்டத்துக்குப்பின் ஓரிரு நிமிஷம் மெதுவாய் ஓடவிட்டே நிறுத்தவேண்டும். இல்லையேல் டர்போ கெடும்.

6. கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்கும் இவ்விதிகள் பொருந்தும். கால்வாய்க் கரையிலும் ஏரிக்கரையிலும் இறங்கும்போது நியூட்ரல் ஆகாது.

லாரியை அமர்த்துவோரின் பொறுப்பும் இதில் உண்டு. அளவுக்கு மேல் சுமை ஏற்றி, ஏலத்துக்கு நேரமாயிற்று என்று டிரைவரை விரட்டுவதால் மேற்கூறிய தவறுகள் பெருகுகின்றன. புறப்படும் நேரத்தை ஒரு மணி முன்னதாக்கினால் அவ்விரட்டலுக்கு இடமிராது. மலையடிவாரக் கிராமங்களின் அதிகாரிகள், அறுவடை தொடங்குமுன் லாரி, டிராக்டர் டிரைவர்களைக் கூட்டி இவ்விதிகளைப் படித்துக்காட்டுவது மிகவும் பயன்தரும். கவர்னர் இருக்கிறதென்று நம்பி இறங்காமல், மலையுச்சியிலேயே கியரைத் தெரிந்துகொள்ளும் டிரைவரால் எஞ்சினும் சரக்கும் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.