வக்ஃப் வீடுகளும் ஒத்திப் பணமும்

மதுரையில் ஒரு மஹல்லாவின் புதிய முத்தவல்லி அண்மையில் நம்மிடம் வந்தார். பள்ளிவாசலுக்கு வக்ஃபான எட்டு வீடுகளின் நிர்வாகத்தை அவர் ஏற்றிருந்தார். "சாவிக்கொத்தும் ஒரு நோட்டும் தந்தார்கள், ஹஜ்ரத். மூன்று வீடுகள் ஒத்தியில் இருக்கின்றன. ஒருவர் மகள் நிகாஹுக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கையில் பணமில்லை. நான் வாங்காத பணத்துக்கு நான் பொறுப்பா?" என்றார். பல ஊர்களிலும் எழும் மஸ்அலா என்பதால் இங்கு விளக்குகிறோம்.

கைபரில் கிடைத்த நிலம் பற்றி ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, அசலை நிறுத்திப் பலனைத் தர்மம் செய்ய நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிர்வகிப்பவர் முறைப்படி அதிலிருந்து உண்ணலாம், செல்வம் சேர்க்கலாகாது என்பது உமர் (ரலி) அவர்களின் நிபந்தனை. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆகவே முத்தவல்லி சொந்தக்காரர் அல்லர், அமீன் ஆவார்.

"பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை" என்று ஒத்திக்கு நியாயம் சொல்வர். முழுதும் திரும்பப் பெறும் பணம் கடனே. அதற்காக வாடகையின்றிக் குடியிருப்பது கடனால் பெறும் ஆதாயம். அது வட்டியில் சேரும். சொந்த வீட்டுக்கே கூடாதது வக்ஃபுக்கு எவ்வாறு கூடும்? 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டமும், 2013இல் திருத்தப்பட்டபடி, வக்ஃப் சொத்தை அடமானம் வைப்பதைத் தடுக்கிறது.

இனி அவர் கேள்விக்கு வருவோம். வாங்காத பணம் அவருடைய சொந்தக் கடனாகாது. ஆனால் கணக்கைத் தேடுவது அவர் கடமை. அவசியமான பழுதுபார்ப்புக்கு, முறையான அனுமதியோடு, அப்பணம் செலவானதாக ரசீது இருந்தால் வக்ஃப் வருமானத்திலிருந்து அடைக்க வேண்டும். இல்லையேல் வாங்கியவரே பொறுப்பாளி. அவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுப் பங்கீட்டுக்கு முன் அவர் சொத்திலிருந்து தீர்க்கப்படும். ஆதாரமின்றி எவரையும் குற்றஞ்சாட்டுதல் ஆகாது.

குடியிருந்தவரும் ஒன்றை அறிய வேண்டும். அடமானமாகப் பிடித்த வக்ஃப் வீட்டில் வாழ்ந்த காலத்துக்கு அவ்வூர் வாடகை அவர்மீது கடமை என்பது ஹனஃபி ஃபுகஹாக்களின் தீர்ப்பு. இதைக் கேட்டதும் முத்தவல்லி திகைத்தார். "நிகாஹ் வீடாயிற்றே, விட்டுக்கொடுக்கலாமா?" என்றார். தம் பணத்தை அவர் விட்டுக்கொடுக்கலாம். அல்லாஹ்வுக்காக நிறுத்தப்பட்டதை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. வாடகையைத் தவணையாகப் பெறலாம். நிகாஹுக்கு ஜமாஅத்தார் தங்கள் சொந்தப் பணத்தால் உதவட்டும். அதன் நன்மை பெரிது.

பொறுப்பேற்போர் கவனிக்க வேண்டியவை:

1. சாவி வாங்குமுன் வக்ஃப் பத்திரம், வாடகை பாக்கி, அட்வான்ஸ் ஆகியவற்றைச் சாட்சிகள் முன் எழுதிக்கொள்க.

2. ஊர் வாடகைக்குப் பெரிதும் குறைத்து விடாதீர். வக்ஃப் வீட்டைத் தமக்கே வாடகைக்கு எடுக்காதீர்.

3. வருமானத்தில் முதற்செலவு கட்டடப் பராமரிப்பு. பிறகே வாக்கிஃப் குறித்த காரியங்கள்.

4. அட்வான்ஸைத் தனியே வையுங்கள். மார்ச் 31 வரையுள்ள கணக்கை ஆண்டுதோறும் வக்ஃப் வாரியத்துக்கும், ஜமாஅத்துக்கும் காட்டுங்கள்.

அமானிதத்தைப் பேணி மஹ்ஷரில் எளிதாகக் கணக்குக் கொடுக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.