கங்காருவும் கமராவும்

கண்ணாற் காண்பது மெய் என்பர். கண்டதன் பொருளை உணராதவிடத்து அம்மெய்யே பொய்க்கு இடமாதலும் உண்டு. இதனை விளக்கக் கங்காருவின் படங்கள் இரண்டை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1770 ஆம் ஆண்டிலே கப்டன் குக்குடன் அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையை அடைந்த யோசப் பாங்ஸ், கங்காருத் தோலொன்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவர் வேண்டுகோட்படி ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர் 1772 இல் அவ்விலங்கை வரைந்தார். உயிருள்ள கங்காருவை அவர் கண்டதில்லை; ஊதிப் பெருக்கிய தோலை நோக்கியே உருவத்தை ஊகித்தார்.

மற்றையது ஒளிப்படம். 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே குவீன்ஸ்லாந்தில் எடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. இறக்குந் தறுவாயிலிருந்த பெண் கங்காருவின் தலையை ஆணொன்று தாங்க, அருகே குட்டி நின்றது. துணையை இழக்கும் துயரமென யாவரும் உருகினர். யானும் கண்கலங்கி, அதனையே மாணவர்க்குக் கட்டுரைப் பொருளாகக் கொடுத்தேன். விலங்கியலறிஞரோ, ஆண் இணைசேரும் வேட்கையாலேயே அதனை எழுப்ப முயன்றது என்றும், அம்முயற்சியே பெண்ணின் இறப்புக்குக் காரணமாயிருத்தல் கூடும் என்றும் விளக்கினர். மறுநாள் வகுப்பிலே என் பிழையை நானே திருத்த நேர்ந்தது. படம் பொய்க்கவில்லை, நாம் அதற்கு ஏற்றிய பொருளே பொய்த்தது.

ஆதலின் இயற்கை விஞ்ஞான ஒளிப்படப் போட்டிக்குக் கங்காருவைப் படமெடுக்க விழைவோர், முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். அது பெரும்பாலும் வைகறையிலும் அந்தியிலும் மேயும். வெயிலில் நிழலை நாடும். வெப்பம் மிகுந்தால் முன்கைகளை நக்கும். அங்கே குருதிக் குழாய்கள் தோலை அடுத்துள்ளமையால், உமிழ்நீர் ஆவியாகும்போது குருதி குளிரும். அறியாதவன் இதனைப் புண்ணை நக்குகின்றது என்று எழுதிவிடுவான். மெல்ல நகருங்கால் வாலையும் நிலத்திலூன்றி, ஐந்தாங் காலாகக் கொண்டு உடலை உந்தும். அது நிமிர்ந்து செவிகளை நம்பக்கம் திருப்புமாயின், நாம் அணுகியது போதும் என்பது பொருள். பின்னங்காலை நிலத்தில் அறைதல் இனத்துக்கு விடுக்கும் எச்சரிக்கை.

தூரத்தே நின்று நெடுவில்லையாற் படமெடுத்தலே முறை. துரத்தப்படும் தாய் பைக்குட்டியை நழுவவிடுதலும் உண்டு. அவ்வாறு விழுந்த குட்டி பிழைத்தல் அரிது. ஓருயிரை விலையாகக் கொடுத்துப் பெறும் பரிசு பரிசாகாது.

மாணவர்களே, படத்தின் கீழே எழுதும் ஒருவரியும் விஞ்ஞானமே. கண்டதை எழுதுக, கருதியதைக் கண்டதாக எழுதற்க.