ஜாலோர் கெமிலாங்: தெருவில் ஒரு கதை, துணியில் ஒரு கதை

ஆகஸ்டு பிறந்தால் ஜொகூரின் தங்காக்கில் இரண்டு சரக்கு வேகமாக ஓடும். ஒன்று மலேசியக் கொடி, மற்றொன்று அந்தக் கொடியைப் பற்றிய கட்டுக்கதை. கொடி வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும். துணிக்கடைகளுக்கே பெயர்போன ஊர் என்பதால் அதற்குப் பஞ்சமில்லை. கட்டுக்கதையோ வாட்சாப்பில் வீடு தேடி இலவசமாக வந்துவிடும். மஞ்சள் எந்த இனத்தின் நிறம், தரையில் பட்ட கொடியை என்ன செய்வது, எத்தனை மணிக்கு மேல் பறந்தால் குற்றம் என்று ஒவ்வொன்றும் வக்கீல் எழுதிக் கொடுத்தது போன்ற தோரணையில் இருக்கும். சில பாதி உண்மை, சில முழுப் பொய். ஒன்றிரண்டு வேறு நாட்டு விதியைக் கொண்டுவந்து நம் தலையில் கட்டியவை.

நம்பிக்கை: 1957-இல் சுதந்திர நள்ளிரவில் ஏறிய அதே கொடிதான் இன்றும் பறக்கிறது.

இல்லை. அன்று கோலாலம்பூர்த் திடலில் யூனியன் ஜேக் இறங்கி, அதற்குப் பதில் ஏறிய கொடியில் 11 கோடுகளும் 11 முனை கொண்ட நட்சத்திரமும்தான் இருந்தன. அப்போது நாடு மலாயா, மாநிலங்கள் 11.

அந்தக் கொடியின் பூர்வீகம் ஜொகூர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். மலாயாக் கூட்டரசுக்குக் கொடி வேண்டும் என்று 1949-இல் போட்டி வைத்தார்கள். 373 வடிவங்கள் வந்தன. அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, 'மலாய் மெயில்' நாளேடு வழியாகப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மற்ற இரண்டிலும் கிரிஸ் கத்திகளைச் சுற்றி நட்சத்திரங்கள். மக்களுக்குப் பிடித்ததோ கோடுகளும் பிறையும் நட்சத்திரமும் கொண்ட மூன்றாவது வடிவம். அதை வரைந்தவர் முகமது ஹம்சா. ஜொகூர் பாருவில் பொதுப்பணி இலாகாவில் கட்டட வரைகலை வேலை பார்த்தவர்.

அவர் முதலில் அனுப்பியதில் கோடுகள் நீலமும் வெள்ளையுமாக இருந்தன. மூலைக் கட்டம் சிவப்பு. நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. அன்றைய ஜொகூர் மந்திரி பெசார் டத்தோ ஓன் ஜாபார் சொன்ன யோசனைப்படி நிறங்கள் இடம் மாறின: கோடுகள் சிவப்பு வெள்ளை ஆயின, கட்டம் நீலம் ஆயிற்று. நட்சத்திரத்தின் முனைகளும் பெருகின. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐந்து முனை நட்சத்திரம் எதை நினைவூட்டும் என்று விளக்க வேண்டியதில்லை. 1950 மே 19-இல் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஒப்புதல் தந்தார். மே 26-ஆம் தேதி கோலாலம்பூரில் சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை முன்னால் கொடி முதன்முதலாக ஏறியது. ஆக, கொடி சுதந்திரத்தைவிட ஏழு வயது மூத்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 11 கோடுள்ள பழைய படத்தை யாராவது பகிர்ந்தால் உடனே "கொடியைத் தப்பாகப் போட்டுவிட்டான்" என்று ஒரு கூட்டம் பாய்கிறது. படத்தில் தப்பு இல்லை. வருடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: பதினான்காவது கோடு கோலாலம்பூருக்காகப் போடப்பட்டது.

1963 செப்டம்பர் 16-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றும் மலாயாவோடு சேர்ந்து மலேசியா பிறந்தது. 11 கோடு 14 ஆனது அன்றைக்குத்தான். கணக்குப்படி பதினான்கில் ஒன்று சிங்கப்பூருடையது. 1965-இல் சிங்கப்பூர் போய்விட்டது, கோடு போகவில்லை. பதினான்காவது கோடும் முனையும் கூட்டரசைக் குறிப்பதாகப் பொருள் மட்டும் மாறியது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனதே 1974-இல்தான். லபுவான் சேர்ந்தது 1984, புத்ராஜெயா 2001. இன்றைய விளக்கத்தில் கூட்டரசுப் பிரதேசங்களும் அந்தப் பதினான்காவதில் அடங்கும். ஆனால் அவற்றுக்காக வரைந்த கோடு அது அல்ல.

'ஜாலோர் கெமிலாங்' என்ற பெயரும் பழையது இல்லை. 1997 ஆகஸ்டு 31-இல் பிரதமர் மகாதீர் காலத்தில் வைத்த பெயர். அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்கு அது வெறும் 'மலேசியக் கொடி'.

நம்பிக்கை: ஒவ்வொரு நிறமும் ஓர் இனம்.

இது நம் ஆட்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். மஞ்சளைப் பார்த்தவுடன் தாலிக்கயிறும் மஞ்சள் கிழங்கும் நினைவுக்கு வர, "அது நம் பங்கு" என்று சொல்லிவிடுகிறோம். கேட்க இனிமைதான். ஆனால் கொடியில் மஞ்சள் மலாய் ஆட்சியாளர்களின் அரச நிறம். ஒரு காலத்தில் அரண்மனைக்குள் சாதாரண ஜனங்கள் மஞ்சள் உடுத்திப் போக முடியாத அளவுக்கு அது ராஜாவுக்கே உரியதாக இருந்தது. சிவப்பு துணிவு, வெள்ளை தூய்மை, நீலம் மக்களின் ஒற்றுமை, பிறை கூட்டரசின் சமயமான இஸ்லாம். இனவாரியாகப் பாகம் பிரிக்கும் விளக்கம் இதில் எங்குமே இல்லை. இருந்திருந்தால் நீலத்தை ஒற்றுமைக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நம்பிக்கை: ஜொகூர் கொடி தேசியக் கொடியைப் பார்த்து எடுத்தது.

தலைகீழான கணக்கு. கருநீலத் துணியில் சிவப்புக் கட்டம், அதற்குள் வெள்ளைப் பிறையும் ஐந்து முனை நட்சத்திரமும் கொண்ட ஜொகூர் கொடி 1871-ஐச் சேர்ந்தது. நீலம் மாநில அரசாங்கம், சிவப்பு நாட்டைக் காக்கும் வீரர்கள், வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும் ஆட்சியாளர். மார்ச் 23-ஆம் தேதி சுல்தான் இப்ராஹிமின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாளுக்கு ஊரெங்கும் பறப்பது இதுதான். 2024 ஜனவரி 31 முதல் அவரே மாமன்னர் என்பதால் இப்போது இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் அதிகம். அப்படிக் கட்டும்போது ஜாலோர் கெமிலாங்குக்குத்தான் முதல் மரியாதை. வீட்டுக்குள்ளிருந்து தெருவைப் பார்த்தால் வலது பக்கம். தெருவில் நின்று வீட்டைப் பார்ப்பவருக்கு இடது பக்கம். கடைக்காரர்கள் பாதிப் பேர் இதை வாசலுக்கு வெளியே நின்று 'வலது' என்று புரிந்துகொண்டு மாற்றிக் கட்டிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: பிறை வலது பக்கம் தெரிந்தால் கொடி தலைகீழ்.

கொடியைச் சுற்றி நடக்கும் சண்டைகளில் பெரிய பங்கு இந்தக் குழப்பத்துக்கு. துணிக்கு இரண்டு பக்கம் உண்டு. கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நீலக் கட்டம் வலது மூலையில்தான் தெரியும், பிறையும் திரும்பி நிற்கும். காற்று மாறினால் காலையில் இடது பக்கம் இருந்தது மாலையில் வலது பக்கம் இருக்கும். இதில் ஒரு குற்றமும் இல்லை.

தலைகீழா என்று பார்க்க வேண்டியது மேல், கீழ் இரண்டையும்தான். நீலக் கட்டம் மேலே இருக்க வேண்டும். உச்சிக் கோடு சிவப்பு, அடிக் கோடு வெள்ளை. கட்டத்துக்குப் பக்கத்தில் எட்டுக் கோடுகள் முடியும். அதன் அடியில் ஒரு சிவப்பில் தொடங்கி ஆறு கோடுகள் முழு நீளத்துக்கு ஓடும். கட்டம் கீழே இறங்கி, உச்சியில் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது தலைகீழ்.

அப்படி நடக்காமல் இல்லை. 2025 ஆகஸ்டில் பினாங்கு கெப்பாலா பத்தாஸில் ஒரு கடையில் கொடி தலைகீழாக ஏறி, நாடு முழுக்கப் பெரிய அமளி. அதற்கு நான்கு மாதம் முன்னால் ஒரு சீன நாளேட்டின் முதல் பக்கப் படத்தில் பிறையே விடுபட்டுப் போனது. ஆனால் தலைகீழ் என்றாலே தேசத்துரோகம் என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் 2017-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் நினைவு மலரில் இந்தோனேசியக் கொடியைத் தலைகீழாக அச்சடித்து விட்டார்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை இருக்க வேண்டிய கொடி போலந்துக் கொடியாக மாறிப்போனது. அன்றைய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் இந்தோனேசியாவிடம் மன்னிப்புக் கேட்டார். நாம் செய்தால் கைப்பிசகு, பக்கத்து வீட்டுக்காரன் செய்தால் சதி என்பது நியாயமில்லை.

தலைகீழ்க் கொடி ஆபத்துக்கு அடையாளம் என்பது கப்பல்காரர்களின் பழைய வழக்கம். அமெரிக்கக் கொடி விதியில் அதற்கு இடம் இருக்கிறது. நம் ஊரில் அப்படிக் கட்டினால் உதவிக்கு யாரும் வர மாட்டார்கள், போலீஸ்தான் வரும்.

நம்பிக்கை: தரையில் பட்ட கொடியை எரிக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் இறக்க வேண்டும்.

இரண்டும் பெரும்பாலும் இறக்குமதி. தரையில் படக்கூடாது என்பது சரி. எந்த நாட்டுக் கொடிக்கும் அது மரியாதை. ஆனால் கைதவறி விழுந்ததற்காக எரி என்று அமெரிக்க விதிகூடச் சொல்லவில்லை. எடுத்து, அழுக்காகியிருந்தால் துவைத்து, மறுபடியும் கட்டலாம். எரிப்பது என்ற பேச்சு, இனி பறக்கவே லாயக்கில்லாமல் கிழிந்து நைந்துபோன கொடிக்கு. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுக் கொடி விதி அப்படிப்பட்டதை மறைவாக, முழுதாக அழிக்கச் சொல்கிறது. எரிப்பது நல்லது என்கிறது. இந்த மரியாதையை எவரும் எந்த நாட்டிலும் கடைப்பிடிக்கலாம். சாயம் போய்க் கிழிந்த கொடியைக் கார் துடைக்க வைத்திருப்பதுதான் உண்மையான அவமரியாதை. அதைப் பற்றி வாட்சாப்பில் ஒருவரும் எழுதுவதில்லை.

பொழுது சாயும் விதியும் அப்படித்தான். இந்தியாவிலேயே சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை என்றிருந்ததை 2022 ஜூலையில் மாற்றி, வீடுகளில் இரவும் பகலும் பறக்கலாம் என்று திருத்திவிட்டார்கள். வாட்சாப் தாத்தாக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கே பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நேரம் வைத்து ஏற்றி இறக்குவது உண்டு. தேசிய மாதத்தில் வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் ராத்திரி முழுக்கப் பறக்கும் கொடிகளை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நமக்கு இந்தக் குழப்பம் வருவதற்குக் கோயிலும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கொடி என்றாலே நம் மனசு கொடிமரத்துக்குப் போய்விடும். சிவனுக்கு ரிஷபம், பெருமாளுக்குக் கருடன், முருகனுக்குச் சேவல். சேரன் வில்லும் சோழன் புலியும் பாண்டியன் மீனும் நாம் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவை. கொடியேறினால் காப்பு, விரதம். கொடியிறங்கும் வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு. தீட்டு, பரிகாரம் என்ற கண்ணோடு தேசியக் கொடியையும் பார்ப்பதால்தான் கீழே விழுந்தால் பரிகாரம் தேடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், திருவிழாக் கொடி ஏறினால் விழா முடியும் வரை ராத்திரி பகல் அங்கேயேதான் இருக்கும். ஆறு மணிக்கு இறக்கும் பழக்கம் பட்டாளத்திலிருந்து வந்தது.

நம்பிக்கை: கொடிமேல் பற்று இருந்தால் எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

2016 அக்டோபரில் சிப்பாங் பார்முலா 1 பந்தயத்தில் ஒன்பது ஆஸ்திரேலிய ரசிகர்கள் வெற்றிக் களிப்பில் மேலாடையைக் கழற்றினார்கள். உள்ளே போட்டிருந்த நீச்சல் ஜட்டியில் ஜாலோர் கெமிலாங். நான்கு நாள் காவலில் இருந்து, நீதிமன்றத்தில் எச்சரிக்கை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பற்றுக்கும் ஓர் இடம் உண்டு. இடுப்புக்குக் கீழே அல்ல. வியாபாரச் சின்னமாகக் கொடியை அனுமதியில்லாமல் பயன்படுத்துவதை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதைக் கடை வைத்திருப்பவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம்பிக்கை: கலை நிகழ்ச்சி, சமய விழா என்றால் எந்த நாட்டுக் கொடியையும் பிடிக்கலாம்.

கூடாது. பிற நாட்டுச் சின்னங்களைப் பொது இடத்திலும் பள்ளிகளிலும் காட்சிக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1949 முதல் இருக்கிறது. 2024 நிலவரப்படி தண்டனை 6 மாதம் வரை சிறை, 500 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024-இல் தெலுக் இந்தானில் ஒரு சீனக் கலாசார விழாவில் சீன நாட்டுக் கொடியை ஆட்டியபோது எழுந்த சர்ச்சையில் இந்தச் சட்டம்தான் பேசப்பட்டது. இந்தியாவிலிருந்து பாடகர் வருகிறார் என்று மேடையில் மூவர்ணக் கொடியைத் தொங்கவிட நினைப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். முறையாக அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தாமானில் யார் வீட்டிலாவது கொடி தலைகீழாகத் தெரிந்தால், போனை எடுத்துப் படம் பிடித்து நாலு குழுவில் போடாதீர்கள். கதவைத் தட்டி, "அண்ணே, கொடி தலைகீழா இருக்கு, பாருங்க" என்று சொல்லுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் நின்று பிடித்துவிட்டுப் போங்கள்.