குடியிருப்போரின் கூட்டு வழக்குரிமை

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும் பிறர் நிலத்தில் பயிரிடுபவருக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டங்கள் நம் நாட்டில் பல உள்ளன. அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடினும் ஒரு குறை அவற்றுக்குப் பொதுவானது. சட்டம் உரிமையைத் தனி மனிதருக்கு வழங்குகிறது. அதனை நிலைநாட்டும் செலவும் அச்சமும் அவர் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. ஒரு கட்டடத்தில் 40 குடும்பங்கள் வசிப்பதாகக் கொள்வோம். அவர்கள் அனைவரும் பயன்படுத்தும் பொது வழியை உரிமையாளர் சுவரெழுப்பி அடைத்துவிடுகிறார். தனியே வழக்குத் தொடுப்பவர், வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வருமோ என்று அஞ்சுகிறார். எல்லாருக்கும் நேர்ந்த தீங்கை எல்லாரும் சேர்ந்து நீதிமன்றத்தின் முன் வைக்க இயலாதா? இயலும் என்பதே சட்டம் தரும் விடை.

இரு வழிகள்

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கு இரு வழிகளை வகுத்துள்ளது. கட்டளை 1, விதி 1இன்படி, ஒரே செயலால் அல்லது தொடர்ச்சியான செயல்களால் பாதிக்கப்பட்டோர், தங்களுக்குப் பொதுவான சட்டப் பிரச்சினையோ பொருண்மைப் பிரச்சினையோ இருப்பின், ஒரே வழக்கில் வாதிகளாகச் சேரலாம். இதில் ஒவ்வொருவர் பெயரும் வாதியாக இடம்பெறும்.

விதி 8 கூறுவது பிரதிநிதித்துவ வழக்கு. ஒரே நலனுடையோர் பலராக இருக்கையில், அவர்களுள் ஒருவரோ சிலரோ நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அனைவர் சார்பிலும் வழக்காடலாம். வழக்குப் பற்றிய அறிவிப்பு ஏனையோர் அனைவருக்கும் தரப்பட வேண்டும். எண்ணிக்கை மிகுதியாயின் பொது விளம்பரம் போதும். விரும்புவோர் தாமும் வழக்கில் சேர விண்ணப்பிக்கலாம். அனைவருக்கும் அறிவிக்காமல் வழக்கைக் கைவிடவோ சமரசம் செய்துகொள்ளவோ முடியாது. முன்னின்று நடத்துபவர் போதிய அக்கறை காட்டாவிடில், நீதிமன்றம் அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கலாம். தீர்ப்பு, வென்றாலும் தோற்றாலும், அனைவரையும் கட்டுப்படுத்தும்.

அசோக் நகர் வழக்கு

எல்லாருடைய வழக்கு மூலமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதில்லை என்ற விளக்கம் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விதி 8இல் சேர்க்கப்பட்டது. இதன் பயன் சென்னை அசோக் நகர் வழக்கில் வெளிப்பட்டது. அங்குத் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்திடம் வீடு ஒதுக்கீடு பெற்றோர் வாடகைதாரர் அல்லர். தவணை முறையில் வீடு வாங்கியோர். ஆண்டுகள் பல கழிந்த பின் கூடுதல் தொகை கேட்டு வாரியம் தனித்தனியே அறிவிப்பு அனுப்பியது. குறைந்த வருவாய்ப் பிரிவினர் அனைவர் சார்பிலும் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அறிவிப்புகள் தனித்தனியானவை, ஆகவே ஒரே வழக்குச் செல்லாது என்பது வாரியத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் 1990இல் அதனை ஏற்கவில்லை. நலன் பொதுவாயிருப்பதே முக்கியம் என்று அது தெளிவுபடுத்தியது. ஒரே உரிமையாளரின் கீழ் வாழும் வாடகைதாரர்களுக்கும் இந்த நெறி துணையாகும்.

கருத்திற் கொள்ள வேண்டியவை

சங்கம் பதிவு பெற்றதனாலேயே உறுப்பினரின் வாடகை உரிமை சங்கத்துக்கு மாறிவிடுவதில்லை. அனைவர் சார்பிலும் வழக்காட விதி 8இன் அனுமதி தேவை. ஒருவர் மீது மட்டும் கூறப்படும் வெளியேற்றக் காரணத்துக்கு அவரே பதிலளிக்க வேண்டும். எந்த மன்றத்தை அணுகுவது என்பதும் முக்கியம். தில்லியில், 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் கட்டடங்களில், குடிநீர், மின்சாரம் போன்ற வசதிகள் நிறுத்தப்பட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடமே முறையிட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கூட்டாக வாடகையை நிறுத்திவைப்பது. மேற்படி தில்லிச் சட்டத்தின்படி, அறிவிப்புப் பெற்ற இரு மாதத்துக்குள் பாக்கியைச் செலுத்தாமை வெளியேற்றத்துக்குக் காரணமாகும். உரிமையாளர் வாங்க மறுத்தால் வாடகையை அலுவலரிடம் வைப்பீடு செய்யலாம். நியாயமான வழக்கும் இக்கவனமின்மையால் வீட்டை இழப்பதில் முடியக்கூடும்.

வங்காளத்தின் படிப்பினை

எழுத்து ஆவணம் ஏதுமின்றி வாரத்துக்குப் பயிரிடும் உழவரின் நிலை இதனினும் கடினம். மேற்கு வங்கத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பிறர் நிலத்தைச் சட்டப்படி உழுபவர் வாரக்குடியே என்ற ஊகத்தை ஏற்படுத்தி, அதனை மறுப்பவர் மீது மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சுமத்தியது. 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' இயக்கத்தில் அலுவலர்கள் உழவர்களின் குடியிருப்புகளுக்கே சென்று மாலைக் கூட்டங்கள் நடத்தினர். நில உடைமையாளர் எதிரில் தனியே வாய்திறக்க அஞ்சியவர், அண்டை அயலார் நடுவே தம் உரிமையைக் கூற முன்வந்தார். 1990களின் தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 14 இலட்சம் வாரக்குடிகள் பதிவு பெற்றனர். பதிவு ஒவ்வொருவர் பெயரில்தான் நிகழ்ந்தது. அதற்குத் துணிவு தந்தது கூட்டம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ்ப் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருவாய் வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். வாடகைதாரர் சங்கங்கள் வாடகைச் சீட்டுகளைத் திரட்டி, தொகையைத் தவறாது செலுத்தி, பொதுவான குறையை மட்டும் தெளிவாக வரையறுத்துக்கொண்டு இவ்வுதவியை நாடுதல் நன்று. தனியொருவரால் சுமக்க இயலாத வழக்கின் பாரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போதுதான் ஏட்டில் உள்ள உரிமை வாழ்வில் பயன் தரும்.