பயண டிரெய்லரில் எலி புகுதல்: ஓர் இல்லறப் பாடம்

தெரிந்ததினின்று தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதற்கண் கற்பிக்கப்பெற்ற விதி. ஆதலின் நெற்குதிரிலிருந்து தொடங்குவோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் நம் பாட்டியார் அறுவடைக்கு முன்னரே குதிரைச் சுற்றிவந்து, வெடிப்புக் கண்ட இடமெல்லாம் களிமண்ணும் சாணமும் குழைத்து அடைப்பார். எலிப்பாஷாணம் எங்கள் வீட்டு வாயிற்படியைத் தாண்டியதில்லை. அந்தக் குதிரின் பாடம், எழுபது வயதுக்குமேல், கொலராடோ மாநிலத்தில் நமக்கு மீண்டும் தேவைப்பட்டது.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவிலுள்ள மகள் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர்களிடம் பயண டிரெய்லர் ஒன்று உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை அனைத்தும் அமைந்த சிறு வீடு அது. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். கோடையில் மலைகளிலும் வனங்களிலும் தங்குவதற்கு உதவும் இவ்வண்டி, பனிக்காலம் முழுவதும் வீட்டோரத்தில் பூட்டியே கிடக்கும். குளிருக்கு ஒதுங்கும் சிற்றுயிர்க்கு இதனினும் வாய்ப்பான இடம் ஏது?

அவ்வாண்டு கதவைத் திறந்ததும் மூத்திர நாற்றம் வீசியது. அரிசிமணி அளவிலான கரிய எச்சங்கள் அலமாரியெங்கும் சிதறிக் கிடந்தன. மெத்தை விரிப்பின் பஞ்சு பிடுங்கப்பட்டிருந்தது. தண்ணீர்ப் பம்பிற்குச் செல்லும் மின்கம்பியில் மூன்று அங்குல நீளத்திற்கு உறை கடிக்கப்பட்டுச் செம்பு பளபளத்தது. எலியினத்தின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை; அவற்றைத் தேய்த்துக்கொள்ளக் கடித்தாக வேண்டும். அதனைக் குற்றமெனல் தகாது. ஆயினும் உறையிழந்த இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பற்றும். அவ்வண்டியிலோ காஸ் சிலிண்டரும் உண்டு, குழந்தைகளும் உறங்குவர்.

மகள் துடைப்பத்தை எடுத்தாள். மருமகன் விரைந்து தடுத்தார். அதன் காரணத்தை அயல்நாட்டில் பிள்ளைகளை உடைய பெற்றோர் அனைவரும் அறிதல் வேண்டும். அங்கு வாழும் 'மான் எலி' எனும் இனம், முதுகு பழுப்பும் வயிறும் பாதமும் வெண்மையுமாகப் பெரிய கண்களோடு பார்க்க அழகாகவே இருக்கும். அதன் எச்சத்திலும் மூத்திரத்திலும் ஹண்டா வைரஸ் இருத்தல் கூடும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசியோடு கலந்து மூச்சில் ஏறும். 1993ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் கூடும் பகுதியில்தான் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. நுரையீரலைத் தாக்கும் இந்நோய் கண்டோரில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். 2012ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் யோசெமிட்டி வனப்பூங்காவிற்குச் சென்ற பத்துப் பேருக்கு இந்நோய் கண்டு மூவர் மாண்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் இரட்டைச் சுவருடைய கூடாரக் குடில்களில் தங்கியவர்கள். அச்சுவர்களின் இடைவெளியில் எலிகள் கூடுகட்டியிருந்தன. டிரெய்லரின் சுவரும் அவ்வாறே இரு தகடுகளுக்கிடையே பஞ்சு வைத்து அமைக்கப்பட்டது என்பதை நினைவிற்கொள்க.

மருமகன், "அத்தை, பொறி வாங்கி வந்துவிடுகிறேன். இது குழந்தைகளின் உயிர் பற்றியது" என்றார். அவர் கூறியதை எளிதில் தள்ளிவிட இயலாது. இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர்: வேண்டுமென்றே செய்யும் சங்கற்பம், சமைத்தல் பெருக்கல் முதலிய இல்வாழ்வில் நேரும் ஆரம்பம், தொழிலில் நேரும் உத்தியோகம், தற்காப்பில் நேரும் விரோதம். இவற்றுள் சங்கற்பத்தை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். பொறி வைப்பது தற்காப்பே என்பது மருமகனின் வாதம். வேறு வழியே இல்லாதபோதுதான் அது தற்காப்பு. வழி இருக்கக் கொல்வது சங்கற்பம் என்பது நம் வாதம். அவர் இசைந்தார். ஆனால் வாதத்தில் வென்ற நாமே அன்று மாலை பெரும்பிழை செய்தோம்.

வெளி மின்இணைப்புக் கம்பி உள்ளே நுழையும் சிறு மூடியின் ஓரத்தில் அழுக்கேறிய தடம் தெரிந்தது. எலியின் உடல் அடிக்கடி உரசும் இடம் அவ்வாறு கறுக்கும். "இதுவே வாயில், உடனே அடையுங்கள்" என்று நாம் அவசரப்படுத்த, மருமகன் விளக்கொளியில் செம்புக் கம்பி வலையைத் திணித்துச் சிலிக்கோன் பசையால் மூடினார். மறுநாள் காலை அந்த இடத்தில் வெளிப்புறமிருந்து பிறாண்டிய கீறல்கள் காணப்பட்டன. உள்ளே, உணவு மேசை இருக்கையின் அடியிலிருந்து மெல்லிய ஒலி கேட்டது. கண்ணாடிநார்ப் பஞ்சால் அமைத்த கூட்டில் ஐந்து குட்டிகள். தாய் இரவில் இரைதேடி வெளியே சென்றிருந்த நேரத்தில் நாம் வாயிலை அடைத்திருக்கிறோம். ஒரு குட்டி அசையவில்லை. மருமகன் பேசாமல் வலையைப் பிடுங்கி எறிந்தார். நாம் அன்று உண்ணாநோன்பிருந்தோம். அதனால் அக்குட்டி பிழைத்துவிடவில்லை.

பொறியோடு போட்டு உயிரோடு பிடித்து வெளியே விடலாமே என வாசகர் வினவலாம். அஃது அங்குப் பலர் செய்வதே. ஆனால் தாயைப் பிடித்து அகற்றினால் குட்டிகள் பட்டினியால் மடியும். கூண்டை அடிக்கடி பார்க்காவிடில் உள்ளே இருப்பது குளிராலும் அச்சத்தாலும் இறக்கும். அஞ்சிய எலி மூத்திரம் பெய்வதால் பிடிப்பவர்க்கும் நோய்க்கு இடமுண்டு. நஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டா: நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் அழியும். ஒட்டுப்பலகை அனைத்தினும் கொடிது.

ஆகவே காத்திருப்பது என முடிவாயிற்று. மான் எலிக்குட்டி ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களில் பால்குடி மறக்கும். ஐந்து வாரம் அவ்வண்டியில் எவரும் நுழையாதபடி பூட்டி, மின்கலத்தின் இணைப்பையும் கழற்றி வைத்தோம். மே மாத இறுதிப் பயணம் கைவிடப்பட்டது, முன்பணமும் போயிற்று. பேத்தி இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை.

அவ்வைந்து வாரமும் வெளியிலிருந்தபடியே துளைகளைத் தேடினோம். இங்கு ஆசிரியையின் பழக்கம் கைகொடுத்தது. கால் அங்குலத் துளை, அதாவது ஆறு மில்லிமீட்டர், சுண்டெலிக்குப் போதும். ஆதலின் பேத்தியின் கையில் (மூன்றாம் நாள் பேசத் தொடங்கிவிட்டாள்) ஒரு பென்சிலைக் கொடுத்து, "இது நுழையும் இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிடு" என்றோம். பதினேழு வட்டங்கள்! பெரும்பாலானவை வண்டியின் அடியில் இருந்தன. அடிப்புறத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் தகட்டில், கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடத்தைத் தொழிற்சாலையில் குழாயினும் பெரிதாக வெட்டியிருந்தனர். காஸ் குழாய் ஏறும் இடம், சக்கரத்தின் மேல்வளைவு, இழுவைச் சட்டத்தின் வழியே கம்பிகள் செல்லும் துளை, வெளியே நீளும் அறைப்பகுதியின் மூலைகளில் தேய்ந்த ரப்பர்ப் பட்டை ஆகியன ஏனையவை. பென்சிலுக்கு எட்டாத துளைகளை அறிய ஓர் உபாயம் உண்டு: எலி நீங்கிய பின், இரவில் உள்ளே பேரொளி விளக்கை வைத்துவிட்டு வெளியே படுத்துப் பார்த்தால், ஒளி கசியும் இடமெல்லாம் துளையே.

அடைக்கும் பொருளில் கவனம் தேவை. நுரைப்பசையை மட்டும் பீய்ச்சினால் எலி அதனைக் கொறித்துத் தள்ளிவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்புநார் தடுக்கும். ஆனால் சாலை ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். செம்பு அல்லது துருப்பிடியா எஃகு வலையை இறுகத் திணித்து மேலே பசையிடுவது நன்று. பெரிய திறப்புகட்குக் கால் அங்குலக் கண்ணுடைய கம்பிவலையைத் திருகாணியால் பொருத்தலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: வெப்பமூட்டி, குளிர்ப்பெட்டி, காஸ் ஆகியவற்றிற்கான காற்றுத் திறப்புகளை ஒருபோதும் அடைத்தல் கூடாது, நச்சுப்புகை உள்ளே தங்கி உயிரைக் குடிக்கும். அவ்விடங்களில் தயாரிப்பாளர் அனுமதிக்கும் வலையே பொருத்த வேண்டும்.

புதினா எண்ணெய், நாப்தலின் உருண்டை போன்றவை உறுதியான பயன் தருவனவல்ல. உருண்டையின் ஆவி மூடிய அறையில் நமக்கே கேடு. செவிக்கெட்டா ஒலியால் எலி விரட்டும் கருவிகளின் விளம்பரங்களுக்குச் சான்று இல்லையென அமெரிக்க வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது. எங்கள் அண்டை வீட்டார் அவ்வகைக் கருவி இரண்டு வைத்திருந்தனர். அவற்றுள் ஒன்றின் மேலேயே எச்சம் கிடந்தது.

பதினாறு துளைகளை அடைத்து, தாய் வழங்கிய அந்த ஒரு வாயிலை மட்டும் விட்டுவைத்தோம். அதன் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் சுண்ணக்கட்டித் தூளைத் தூவினோம். முதல் சில காலைகளில் சிறு அடித்தடங்கள் தெரிந்தன. பின்னர் இல்லை. தொடர்ந்து ஏழு நாள் தூள் கலையாதிருந்த பின்னரே, கூடு வெறுமை எனக் கண்டு, கடைசித் துளை மூடப்பட்டது.

அதன் பிறகே துப்புரவு. கதவு சன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் விலகியிருந்தோம். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்திற்கு ஒன்பது பங்கு நீர் அன்றே கலந்து, எச்சம் நன்கு ஊறும்படி தெளித்து, ஐந்து நிமிடம் சென்றபின் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து இரட்டைப் பையில் கட்டினார் மருமகன். கையுறையும் மூச்சுக்கவசமும் அணிந்திருந்தார். கடிபட்ட கம்பியைத் துணி நாடாவால் சுற்றாமல் மின்பணியாளரைக் கொண்டு மாற்றினோம். உணவுப் பொருள் அனைத்தும் டின்னுக்கு மாறின. இரவில் உண்ணாத வழக்கத்தால் மேசையடியில் சோற்றுப் பருக்கை இல்லை. ஆயினும் முந்தைய கோடையில் மறந்துவிட்ட ஒரு பொட்டலம் பொரிகடலைதான் அத்தனை விருந்தினரையும் அழைத்திருக்கிறது எனக் கண்டோம்.

ஜூலையில் பயணம் நடந்தது. செப்டம்பரில் நாம் ஊர் திரும்பினோம். அக்டோபரில், பனிக்கு முன் வண்டியை நிறுத்தும் நாளன்று, பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். பென்சிலோடு சுற்றி வந்ததாகவும், சாலை அதிர்ச்சியில் கழிவுநீர்க் குழாயருகே வலை தளர்ந்து பென்சில் உள்ளே போய்விட்டதாகவும் கூறினாள். "உள்ளே யாரும் இல்லையா என்று முதலில் பார்த்தாயா?" என்று கேட்டோம். "தூள் போட்டிருக்கிறேன் பாட்டி. ஏழு நாள் கழித்துத்தான் அப்பா அடைப்பார்" என்றாள்.