முற்றத்தில் வெண்பனி: இரு வெப்பமானிகள் கற்பிக்கும் பாடம்

தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. புல் நுனியில் அரும்பும் துளியும் பனிதான். மார்கழி விடியலில் வயல்வெளியை மூடும் மூட்டமும் பனிதான். இமயத்தைப் போர்த்தியிருக்கும் வெண்போர்வையும் பனிதான். நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துக் குன்னத்துகாலில் வாழ்வோருக்கு முதலிரண்டும் பழகியவை. மூன்றாவதைக் கைப்பேசித் திரையில்தான் காண்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிலர் தம் வீட்டு முற்றத்திலேயே சிறு பொறி அமைத்து வெண்பனி பொழியச் செய்து மகிழும் காட்சிகளைக் கண்ட பிள்ளைகள், ‘நம் வீட்டிலும் இதைச் செய்யலாமா?’ என்று கேட்பது இயல்பே. இக்கேள்விக்கு ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் விடையளித்துவிடலாம். ஆனால் ஏன் முடியாது என்று ஆராயப் புகுந்தால், நம் ஊர்க் காற்றைப் பற்றியும் நம் உடலைப் பற்றியும் பயனுள்ள பாடம் ஒன்று கிடைக்கிறது.

பொறி பிறந்த கதை

இயற்கை வெண்பனி, மேகத்திலுள்ள நீராவி நேரடியாகப் படிகமாகி, ஆறு கிளைகளுடன் மெல்ல வளர்ந்து இறங்குவது. ஆய்வகத்தில் இத்தகைய படிகத்தை முதன்முதலில் உருவாக்கியவர் சப்பானிய இயற்பியலாளர் உக்கிச்சிரோ நாக்காயா. 1936-ஆம் ஆண்டில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், முயல் மயிரின் நுனியில் அவர் அப்படிகத்தை வளர்த்தார்.

முற்றத்துப் பொறி உருவாக்கும் பனி இதனின்று வேறுபட்டது. அங்கே நீராவி படிகமாவதில்லை. நுண்ணிய நீர்த்துளிகள் வானில் பறக்கும்போதே உறைந்து, சிறுமணிகளாக நிலத்தில் விழுகின்றன. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வேய்ன் பியர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்கள் இருவரும் இம்முறையைக் கண்டறிந்தனர். அவர்கள் பனிச்சறுக்குப் பலகைகள் செய்து விற்பவர்கள். அக்குளிர்காலத்தில் பனி சரிவரப் பொழியாததால் வணிகம் படுத்துவிட்டது. வண்ணம் தெளிக்கும் கம்பிரசர், ஒரு தூம்புமுனை, தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாய் ஆகியவற்றை இணைத்து அவர்கள் முதல் பனியை உண்டாக்கினர். 1954-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகெங்கும் பெரிய பனிச்சறுக்குத் திடல்களில் இயங்கும் பொறிகள் இச்சிறு முயற்சியின் வழித்தோன்றல்களே. 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ முழுமையாகச் செயற்கைப் பனியின்மீதே நடைபெற்றன.

துளி உறைவது எவ்வாறு?

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி குறைக்க 1 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். 0 டிகிரியை எட்டிய பின், அதே நீரைப் பனிக்கட்டியாக்க மேலும் 80 கிலோ கலோரி அகற்ற வேண்டும். இதுவே உறைதலின் உள்ளுறை வெப்பம். இவ்வளவு வெப்பத்தையும், துளி வானில் இருக்கும் சில நொடிகளுக்குள் அதனிடமிருந்து வாங்கிக்கொள்வது யார்? சுற்றியுள்ள காற்றே.

காற்று இதனை இரு வழிகளில் செய்கிறது. குளிர்ந்த காற்று துளியைத் தழுவி நேரடியாகச் சூட்டைக் கவர்வது ஒரு வழி. துளியின் மேற்பரப்பிலிருந்து சிறிது நீர் ஆவியாகி, எஞ்சிய நீரின் வெப்பத்தைக் கொண்டுசெல்வது மற்றொரு வழி. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கிலோ கலோரி தேவை. அதாவது, 0 டிகிரியில் உள்ள நீரில் ஒரு பங்கு ஆவியானால், ஏழு பங்கு உறையக்கூடும். எனவே காற்று உலர்ந்ததாக இருந்தால் பனியாக்கம் எளிதாகிறது. பொறியின் கடமை நீரை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிப்பதோடு முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. தூய நீர் 0 டிகிரியில் உறைந்தே தீரும் என்பதில்லை. பற்றிக்கொள்ள ஓர் உறைகரு இல்லையெனில், நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி அளவிலும் நீராகவே இருக்கக்கூடும். அழுத்தப்பட்ட காற்று தூம்புமுனையில் விரியும்போது திடீரெனக் குளிர்ந்து, முதலில் சில நுண்படிகங்களை உண்டாக்குகிறது. அவையே மற்றத் துளிகளுக்கு உறைகருவாகின்றன. பயிர்களின் இலைகளில் வாழ்ந்து உறைபனிச் சேதத்தை மிகுவிக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியாவின் புரதமும் சிறந்த உறைகருவாகும். பெரிய திடல்களில் அப்பாக்டீரியாவைச் செயலிழக்கச் செய்து, தூளாக்கி நீருடன் கலப்பதுண்டு.

மண்பானையும் பனிப்பொறியும்

பனி உருவாகுமா என்று முடிவு செய்ய, பனியாக்குவோர் வழக்கமான வெப்பமானியை மட்டும் பார்ப்பதில்லை. ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால், நீர் ஆவியாவதால் அது காட்டும் அளவு இறங்கும். அது இறங்கி நிற்கும் எல்லையே ஈரக்குமிழ் வெப்பநிலை. மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். அதனால் பானை நீர் ஈரக்குமிழ் வெப்பநிலையை நெருங்கலாம். அதற்குக் கீழே இறங்க இயலாது.

பனியாக்கத்திற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி அளவிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். காற்றின் வெப்பநிலை 2 டிகிரியாக இருப்பினும், ஈரப்பதம் 20 விழுக்காடே ஆயின் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ மைனஸ் 3 ஆகிவிடும், பனி உருவாகும். காற்று மைனஸ் 1 டிகிரியில் இருந்தும் ஈரப்பதம் 95 விழுக்காடாயின், துளிகள் மழையாகவே விழும்.

இனிக் குன்னத்துகாலுக்கு வருவோம். மேற்கே கடலும் கிழக்கே மலையும் சூழ்ந்த இப்பகுதியில் தை மாத இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது. காற்றோ ஈரம் மிக்கது. வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று கொண்டால், ஈரக்குமிழ் அளவு 26 டிகிரிக்குச் சற்று மேலே அமைகிறது. பனிக்குத் தேவையான எல்லைக்கு இன்னும் 28 டிகிரி இறங்க வேண்டும். எத்தனை உயர்ந்த பொறியை வாங்கி வைத்தாலும் இந்த இடைவெளியை அதனால் நிரப்ப இயலாது.

இந்தியாவில் பனி ஆக்கிய இடங்கள்

உறைநிலைக்கு மேற்பட்ட காற்றிலேயே பனிக்கட்டி ஆக்கிய மரபு நம் நாட்டில் இருந்தது. அலகாபாத்தில் ஆழமற்ற குழிகளில் உலர்ந்த கரும்புச் சக்கையும் தட்டைகளும் பரப்பி, அவற்றின்மேல் மெருகிடாத மண்தட்டுகளில் நீர் ஊற்றி, மேகமற்ற குளிர்கால இரவுகளில் திறந்து வைப்பர்; விடியுமுன் பனிக்கட்டியைத் திரட்டுவர். ராபர்ட் பார்க்கர் என்பவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1775-ஆம் ஆண்டு இதனை விவரித்துள்ளார். ஆவியாதலும், தெளிந்த வானை நோக்கி வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறுதலும் சேர்ந்து இவ்வேலையைச் செய்தன.

உத்தராகண்டின் ஔலி மலைச்சரிவில், 2011-ஆம் ஆண்டு தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பனியாக்கும் பொறிகள் நிறுவப்பட்டன. அவற்றிற்கு நீர் வழங்க மலைமீது செயற்கை ஏரியும் வெட்டப்பட்டது. ஆயினும் அதற்குப் பின்னரும் பனி போதாமையால் அங்கே போட்டிகள் நடைபெறாத ஆண்டுகள் உண்டு. காற்று ஒத்துழைத்தால்தான் பொறியும் பயன்படும்.

லடாக்கில் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் தொடங்கிய ‘பனித்தூபி’ முயற்சி இன்னும் சிறப்புடையது. மேட்டிலுள்ள ஓடையின் நீரை நிலத்தடிக் குழாய் வழியே இறக்கினால், மின்பம்பு இன்றியே நீர் தன் அழுத்தத்தால் மேலெழுந்து தெளிக்கிறது. கடுங்குளிரான உலர்காற்றில் அது உறைந்து கூம்பாக வளர்கிறது. கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. ஆதலால் மெல்ல உருகி, விதைப்புக் காலமான ஏப்ரல், மே மாதங்களில் வயலுக்கு நீராகிறது. பொழுதுபோக்காகத் தோன்றும் ஒரு நுட்பம் அங்கே உழவரின் நீர்ச் சேமிப்பாகிவிட்டது.

கேரளத்தில் இத்தகைய காற்றுக்கு மிக அண்மையில் இருப்பது மூணாறு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் மார்கழி, தை மாதங்களின் சில விடியற்காலைகளில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிப் புல்வெளி வெளுக்கிறது. காண வருவோருக்கு அது விருந்து. கொழுந்து கருகுவதால் தோட்டத்திற்கு அது இழப்பு. எனினும் அக்குளிர் சில மணி நேரமே நிற்பதால், பனியாக்கும் முயற்சிக்கு அதுவும் போதுமானதன்று.

செலவுக் கணக்கு

குளிர்நாட்டில் ஒருவர் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பனி நிரப்ப விரும்புகிறார் எனக் கொள்வோம். மொத்தம் 10 கன மீட்டர். செயற்கைப் பனி ஒரு கன மீட்டர் 450 கிலோ எடையுள்ளதெனக் கொண்டால், தேவையான நீர் 4,500 லிட்டர். வாகனம் கழுவும் உயரழுத்தப் பம்பு நிமிடத்திற்கு 6 லிட்டர் தருமானால் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். பம்பும் கம்பிரசரும் சேர்ந்து 4 கிலோவாட் ஈர்த்தால் செலவு 50 யூனிட் மின்சாரம்.

அதே 4,500 லிட்டர் நீரை, 28 டிகிரியில் உள்ள நம் ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்துக் குளிரூட்டும் இயந்திரத்தால் உறைய வைப்பதாயின், கிலோவுக்கு 108 கிலோ கலோரி வீதம் 4,86,000 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். இது 565 யூனிட்டுக்கு இணையான வெப்பம். குளிரூட்டியின் திறனைப் பொறுத்து மின்செலவு இதில் மூன்றிலொரு பங்கோ பாதியோ ஆகலாம். சுவர்கள் வழியே புகும் வெப்பம் தனி. குளிர்நாட்டில் காற்று இலவசமாகச் செய்து தரும் பணிக்கு இங்கே நாம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. திருமண அரங்குகளில் ‘பனிப்பொறி’ என வாடகைக்குக் கிடைப்பவை சோப்பு நுரையை ஊதுபவை. பொட்டலங்களில் விற்கும் ‘உடனடிப் பனி’ நீரை உறிஞ்சிப் பருக்கும் ஒருவகைத் தூள். வாங்குமுன் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று அறிந்துகொள்வது நலம்.

குன்னத்துகாலில் செய்யத்தக்கவை

வெண்பனி இயலாவிடினும் உறைபனியை எவரும் வீட்டில் காணலாம். இரண்டு எவர்சில்வர் தம்ளர்களில் நொறுக்கிய பனிக்கட்டி நிரப்புங்கள். ஒன்றில் மட்டும், பனிக்கட்டி மூன்று பங்கிற்கு ஒரு பங்கு வீதம் உப்பிட்டுக் கரண்டியால் கிளறுங்கள். உப்பிடாத தம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும். உப்பிட்ட தம்ளர் 0 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவதால், அதன் புறத்தே வெண்ணிறப் பூச்சுப் படியும். நம் காற்றிலுள்ள ஈரமே உறைபனியாகிறது. நம் ஊரின் ஈரக்காற்று இங்கே துணை செய்கிறது. பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். உப்பிட்ட தம்ளரை வெறுங்கையால் பற்றினால் தோல் புண்ணாகும். கலவையைச் செடிகளின் வேரில் ஊற்ற வேண்டா.

அடுத்த பயிற்சி எளியது; நெடுநாள் பயன் தருவது. ஒரே அளவு காட்டும் இரண்டு வெப்பமானிகளை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழை ஈரமான பருத்தித் துணியால் சுற்றி விசிறுங்கள். சில நிமிடங்களில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாடு மிகுந்திருந்தால் காற்று உலர்ந்தது. குறைந்திருந்தால் ஈரம் மிக்கது.

உடலுக்கும் இதே அளவுகோல்

காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி, டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல்லின் பெயரைத் தாங்கியுள்ளது. 1922, 1924-ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அவர், நெய்யூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். 1924-இல் 8,500 மீட்டர் உயரத்தை நெருங்கிய அவருக்கு, உறைகுளிரான உலர்காற்று தொண்டையின் உட்சவ்வைச் சிதைத்து, இறங்கும் வழியில் மூச்சையே அடைத்தது. துளியை நொடியில் உறையவைக்கும் வறட்சி, உடலின் ஈரத்தையும் அவ்வாறே பறிக்கிறது.

நம் ஊரில் ஆபத்து எதிர்த்திசையில் உள்ளது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். உள்நாட்டு ஊரொன்றில் 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 விழுக்காடாயின் ஈரக்குமிழ் அளவு 23 மட்டுமே. இங்கு 33 டிகிரியில் ஈரப்பதம் 70 விழுக்காடாயின் அது 28-ஐத் தாண்டுகிறது. வெப்பமானியில் ஐந்து டிகிரி குறைவு. உடலுக்கோ சுமை மிகுதி. ஈரக்குமிழ் அளவு 35-ஐ எட்டினால் நலமுள்ளவரும் நிழலில் சில மணி நேரத்திற்குமேல் தாங்க இயலாது என்பது அறிவியலார் கணிப்பு. உழைப்போருக்கும் முதியோருக்கும் அதற்கு வெகு முன்னரே துன்பம் தொடங்கிவிடும். வெயில் கடுமையாகும் மாதங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலையைக் கேரளத் தொழிலாளர் துறை கட்டுப்படுத்துவது இதனால்தான்.

ஆகவே, பனி கேட்கும் பிள்ளையின் கையில் இரண்டு வெப்பமானிகளைக் கொடுங்கள். நாள்தோறும் காலையிலும் நண்பகலிலும் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஈரக்குமிழ் அளவு 28-ஐத் தொடும் நாளில், ரப்பர்த் தோட்டத்திலும் மரச்சீனி விளையிலும் வேலை செய்வோரை நிழலில் அமரச் செய்து, நீரும் மோரும் கொடுக்க மறவாதீர்கள்.